டாஹோ போறீங்களா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி மலையைப் பாருங்க!

நவம்பர் வந்தாப் போதும், எங்க பல்கலைக்கழகத் தமிழ்ப் பசங்க ஆளுக்கொரு திட்டத்தோட கிளம்பிடுவாங்க. பாதிப் பேருக்கு நியூயார்க், கால்வாசிப் பேருக்கு லாஸ் வேகாஸ், மிச்சம் இருக்கிறவங்களுக்கு "பனி பாக்கணும் மச்சி". இந்த மூணாவது கோஷ்டி சுத்திச் சுத்திக் கடைசியில வந்து நிக்கிற இடம் லேக் டாஹோ. உடனே ஒரு கேள்வி வரும்: "எந்த ஏர்போர்ட்ல இறங்குறது? சாக்ரமெண்டோவா, ரீனோவா, சான் பிரான்சிஸ்கோவா? எது சீப்?"

அந்தக் கடைசி ரெண்டு வார்த்தையிலதான் வில்லங்கமே இருக்கு. எது மலிவுன்னு கேட்டா டிக்கெட் தேடுற தளம் அஞ்சு நொடியில பதில் சொல்லிடும். ஆனா அந்தப் பதிலில் மலை இருக்காது. விமான நிலையத்துக்கும் ஏரிக்கும் நடுவில் எந்தக் கணவாய் நிக்குது, அதை எந்த மாசம், எத்தனை மணிக்குத் தாண்டப் போறோம் என்பதை முதலில் பார்க்கணும். விலை அதுக்கு அப்புறம்தான். இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப் போறது இது ஒண்ணுதான். அவசர ஆணி இருக்கிறவங்க இங்கேயே ஒரு பின்னூட்டம் போட்டுட்டுக் கிளம்பலாம் :-)

மத்தவங்க வாங்க.

முதல்ல ஊர் எப்படி இருக்குன்னு பார்ப்போம்

லேக் டாஹோ கலிஃபோர்னியாவும் நெவாடாவும் பங்கு போட்டுக்கிட்ட ஏரி. கரையில் ஏறக்குறைய மூணில் ரெண்டு பங்கு கலிஃபோர்னியாவுக்கு, மிச்சம் நெவாடாவுக்கு. நீளம் 22 மைல், அகலம் 12 மைல். சுத்தி ஒரு வட்டம் அடிச்சா சுமார் 72 மைல். அதிகபட்ச ஆழம் 1,645 அடி. அமெரிக்காவில் இதைவிட ஆழமான ஏரி ஆரிகனில் இருக்கிற கிரேட்டர் லேக் மட்டும்தான். இவ்வளவு ஆழம் இருப்பதால் எந்தக் குளிர்காலத்திலும் ஏரி முழுசா உறைவதில்லை.

ஏரியின் நீர்மட்டம் கடலிலிருந்து சுமார் 6,225 அடி உயரத்தில் இருக்கு. நம்ம கணக்குல 1,897 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர், அதனால உயரத்தைப் பார்த்து நம்மாளுங்க மிரள வேண்டியதில்லை. சிக்கல் வேற இடத்துல இருக்கு. ஏரியைச் சுத்தி நாலு பக்கமும் மலை. ஒரு பெரிய உருளியோட அடியில தண்ணி நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. உள்ள போகணும்னா விளிம்பைத் தாண்டித்தான் இறங்கணும். அந்த விளிம்பு ஏரியைவிட ஆயிரம், ரெண்டாயிரம், சில இடத்தில் இன்னும் அதிக அடி உயரம்.

விளிம்பைத் தாண்டுற முக்கியமான சாலைகள் இவை:

மேற்கிலிருந்து, அதாவது சாக்ரமெண்டோ பக்கமிருந்து வந்தா ரெண்டு வழி. வடகரைக்கு ஐ-80, டானர் சம்மிட்டில் 7,239 அடி ஏறணும். தென்கரைக்கு யு.எஸ். 50, எக்கோ சம்மிட்டில் 7,382 அடி ஏறணும்.

கிழக்கிலிருந்து, அதாவது ரீனோ பக்கமிருந்து வந்தாலும் ரெண்டு பிரபலமான வழி. கார்சன் சிட்டி போய் யு.எஸ். 50-ல் ஸ்பூனர் சம்மிட் வழியா ஏறினா உச்சி 7,100 அடிக்குக் கொஞ்சம் மேலே. மவுண்ட் ரோஸ் சாலை என்கிற 431-ல் போனா 8,911 அடி. சியரா நெவாடா மலைத்தொடரில் குளிர்காலத்திலும் திறந்து வைக்கிற கணவாய்ச் சாலைகளில் இதுதான் உயரமானது.

ரீனோ பக்கம் மூணாவதா ஒரு வழி இருக்கு. அதைக் கொஞ்சம் கழிச்சுச் சொல்றேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதுக்காகத்தான்.

"ஏரிக்கரையிலேயே ஒரு ஏர்போர்ட் காட்டுதே?"

கூகிள் மேப்பைத் திறந்து பார்த்த புத்திசாலிங்க இதைக் கேட்பீங்க. ஆமா, சவுத் லேக் டாஹோ ஊரில் ஒரு விமான நிலையம் இருக்கு. ஒரு காலத்தில் பயணிகள் விமானங்களும் வந்து போயிட்டிருந்தன. இப்போ வழக்கமான விமான சேவை எதுவும் கிடையாது. ட்ரக்கியில் இருக்கிறது சொந்த விமானமும் வாடகை ஜெட்டும் வெச்சிருக்கிற புண்ணியவான்களுக்கானது. உதவித்தொகையில காலம் தள்ளுற நமக்கு அதோட சங்காத்தம் வேண்டாம்.

ஏன் இங்க பெரிய விமானங்கள் வர்றதில்லை? ஓடுதளமே 6,200 அடிக்கு மேல இருக்கு. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். வெயில் நாளில் இன்னும் குறையும். அதனால் விமானம் எழும்ப நீளமா ஓடணும், எழும்பினதும் மலை எதிர்ல நிக்கும். 1964 மார்ச் 1-ஆம் தேதி பாரடைஸ் ஏர்லைன்ஸின் விமானம் ஒண்ணு சான் ஹோசேவிலிருந்து இந்த நிலையத்துக்கு வந்தது. பனிப்புயல். இறங்க முடியாம விலகிப் போனபோது ஏரிக்குக் கிழக்கே ஜெனோவா சிகரத்துக்குப் பக்கத்தில் மலையில் மோதியது. இருந்த 85 பேரும் இறந்துட்டாங்க. வார இறுதியை ஏரிக்கரையில் கழிக்கலாம்னு கிளம்பி வந்தவங்க அதில் நிறையப் பேர்.

அதனால டாஹோவுக்கு விமானத்தில் போறதுன்னா வேற ஊர்ல இறங்கி, சாலையில் மலை ஏறுறதுதான். கேள்வி எந்த ஊர், எந்தச் சாலை என்பது மட்டுமே.

சான் பிரான்சிஸ்கோ

சென்னையிலிருந்து வர்றவங்களுக்கும், ஏற்கெனவே பே ஏரியாவில் மாமா சித்தப்பா இருக்கிறவங்களுக்கும் முதல்ல தோணுறது இதுதான். விமானங்கள் நிறைய, விலையும் பல சமயம் குறைவு. ஆனா தென்கரை இங்கிருந்து சுமார் 200 மைல். ரோடு காலியா இருந்தா மூன்றரை, நாலு மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினீங்கன்னா பே ஏரியாவுல பொட்டி தட்டுற மொத்த ஜனமும் உங்களுக்கு முன்னாடி அதே ரோட்டில் போயிட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மொத்தமா திரும்பி வரும். போகும்போது கார்கீனஸ் பாலத்தில் ஒரு சுங்கம், வரும்போது பே பிரிட்ஜில் ஒரு சுங்கம்.

சான் பிரான்சிஸ்கோவைச் சுத்திப் பார்க்கும் திட்டமும் இருந்தா இது சரியான தேர்வு. நகரத்தில் ரெண்டு நாள் தங்கிட்டு, வார நடுவில் காலையில கிளம்பி மலை ஏறுங்க. டாஹோ மட்டும்தான் குறின்னா விட்டுடுங்க. ஓக்லண்ட் இதைவிட ஒரு பதினஞ்சு இருபது மைல் கிட்டத்தில் இருக்கு, சான் ஹோசே தள்ளி இருக்கு. ரெண்டுக்கும் கதை இதேதான்.

காரே வேண்டாம்னு சொல்றவங்களுக்கு ஒரு உபரித் தகவல்: சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற எமரிவில்லிலிருந்து கலிஃபோர்னியா ஸெஃபிர் ரயில் கிளம்பி, டானர் கணவாய் வழியா ட்ரக்கிக்கும் ரீனோவுக்கும் போகும். சீனத் தொழிலாளர்கள் 1860-களில் கருங்கல்லைக் குடைந்து போட்ட தடத்தை ஒட்டிய பயணம். அவசரம் இல்லாதவங்க ஒரு தடவை போய்ப் பாருங்க.

சாக்ரமெண்டோ

வெயில் காலத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். தென்கரைக்கு சுமார் 115 மைல், ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ரீனோவைவிட விமானங்கள் அதிகம், போட்டியும் அதிகம். யு.எஸ். 50-ல் அமெரிக்கன் ஆற்றை ஒட்டிப் போய், எக்கோ சம்மிட்டுக்கு ஏறி, வளைவில் திரும்பும்போது கீழே பள்ளத்தாக்கும் தூரத்தில் நீலமா ஏரியும் தெரியும் பாருங்க... அந்தக் காட்சிக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு.

குளிர்காலத்தில் இதே சாலை வேற முகம் காட்டும். பசிபிக்கிலிருந்து வர்ற ஈரக்காற்று சியராவின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த தண்ணியையெல்லாம் அங்கேயே பனியா கொட்டிடும். டானர் சம்மிட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பனி ஆய்வகத்தின் கணக்கில் சராசரியா ஒரு பருவத்துக்கு 30 அடி பனி. அங்குலம் இல்லைங்க, அடி! 2022-23 பருவத்தில் 754 அங்குலம், அதாவது 62 அடிக்கும் மேல. மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினா ரீனோவில் வருஷம் முழுக்க மழையும் உருகின பனியும் சேர்ந்தே ஏழெட்டு அங்குலம்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் நம்ம ஊர் காயுற அதே கதை.

சாக்ரமெண்டோ விமான நிலையம் கிட்டத்தட்ட கடல்மட்டத்தில் இருக்கு. அங்கிருந்து கிளம்பினா பனி கொட்டுற சரிவு முழுசையும் ஏறி, உச்சியைத் தாண்டித்தான் ஏரிக்கு இறங்கணும். 2024 மார்ச் தொடக்கத்தில் வந்த புயலில் ஐ-80-ஐ கோல்ஃபாக்ஸிலிருந்து நெவாடா எல்லை வரைக்கும் மூடிட்டாங்க. 1952 ஜனவரியில் இதே மலையில் 'சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ' என்கிற சொகுசு ரயில் பனியில் மாட்டி, இருநூறுக்கும் மேற்பட்டவங்க மூணு நாள் உள்ளேயே இருந்தாங்க. அதுக்கும் முன்னாடி 1846-47 குளிர்காலத்தில் டானர் கூட்டத்தார் பட்ட பாட்டை வேற பதிவில் எழுதணும். 87 பேரில் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் பிழைச்சாங்க. அந்தக் கணவாய்க்கு அவங்க பேர்தான்.

யு.எஸ். 50-ம் லேசுப்பட்டது இல்லை. 1997 ஜனவரியில் ஒரு நிலச்சரிவு வந்து சாலை ஏறக்குறைய நாலு வாரம் மூடிக் கிடந்தது.

ரீனோ

முழுப்பேர் ரீனோ-டாஹோ இன்டர்நேஷனல். பேருல இன்டர்நேஷனல் இருக்கேன்னு சென்னையிலிருந்து நேரா வந்து இறங்கலாம்னு நினைச்சுடாதீங்க. வேற ஏதாவது ஒரு அமெரிக்க நகரத்தில் குடியேற்றச் சோதனை முடிச்சு, பெட்டியை எடுத்து, திரும்பவும் போட்டு, உள்நாட்டு விமானத்தில்தான் வரணும். 1960-இல் டாஹோ பக்கத்தில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தப்போ வீரர்களும் பார்வையாளர்களும் வந்து இறங்கிய ஊர் இது. போட்டி நடந்த ஸ்குவா வேலிக்கு 2021-இல் பாலிசேட்ஸ் டாஹோன்னு பேர் மாத்திட்டாங்க.

ரீனோவின் முதல் லாபம் உயரம். விமான நிலையமே 4,415 அடியில் இருக்கு. ஏரிக்கு ஏற வேண்டிய உயரத்தில் முக்கால்வாசியை விமானமே ஏத்தி விட்டுடுது. ரெண்டாவது லாபம் தூரம். இன்க்ளைன் வில்லேஜுக்கு 35 மைல், டாஹோ சிட்டிக்கு 50 மைல், தென்கரைக்கு 60 மைல். மூணாவது லாபம், பே ஏரியா கூட்டம் மலைக்கு அந்தப் பக்கம் முட்டி மோதும்போது நீங்க இந்தப் பக்கமா அமைதியா ஏறலாம். கார் ஓட்டத் தெரியாதவங்களுக்கு வடகரைக்கும் தென்கரைக்கும் ஷட்டில் வண்டிகள் இருக்கு. முன்பதிவு பண்ணிட்டு, அது ஓடுற நேரத்துக்கு ஏத்த மாதிரி விமானத்தைப் பாருங்க. தலைகீழா செஞ்சா ராத்திரி பூரா விமான நிலையத்துல சூதாட்ட மெஷினைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். (ஆமா, விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கு. நெவாடாங்க!)

நஷ்டமும் உண்டு. விமானங்கள் குறைவு, பெரும்பாலும் எங்கயாவது மாறித்தான் வரணும், விலையும் ஏறும். அப்புறம் காற்று. மேற்கிலிருந்து சியராவைத் தாண்டி இறங்குற காற்று இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஆட்டு ஆட்டும். உள்ளூர்ல இதை 'வாஷோ ஸெஃபிர்'னு சொல்றாங்க. மார்க் ட்வைன் 1872-இல் வந்த 'ரஃபிங் இட்' புத்தகத்தில் இதை வெச்சுக் கிண்டல் பண்ணியிருக்கார். வெயில் காலத்தில் மதியத்துக்கு மேலதான் இது வேலையைக் காட்டும். அதனால வயித்தைப் புரட்டும் ஆசாமிகள் காலை விமானமாப் பார்த்துப் போடுங்க.

ஆறு போற வழி

இப்போ அந்த மூணாவது வழி.

டாஹோ ஏரிக்குள்ள 63 ஓடைகள் வந்து விழுது. வெளியே போறது ஒரே ஒரு ஆறு, ட்ரக்கி ஆறு. டாஹோ சிட்டியில் ஒரு சின்ன அணை வழியா வெளியேறி, வடக்கே ட்ரக்கி ஊருக்குப் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி, ரீனோ நகரத்துக்கு நடுவுல ஓடி, பாலைவனத்தில் பிரமிட் லேக்ல போய் முடியுது. கடலுக்கே போறதில்லை.

தண்ணி மலை ஏறாது. அப்போ ஏரியிலிருந்து ரீனோ வரைக்கும் இந்த ஆறு போற பாதையில் ஏறி இறங்குற கணவாய் எதுவும் இருக்க முடியாது, இல்லையா? உருளியின் விளிம்பில் இருக்கிற ஒரே விரிசல் அதுதான். அந்த ஆற்றை ஒட்டியே ரோடு இருக்கு! ரீனோவிலிருந்து ஐ-80-ல் மேற்கே ட்ரக்கி வரை, அங்கே 89-ல் தெற்கே திரும்பினா டாஹோ சிட்டி. ஆற்றுக்கு எதிர்த் திசையில் கொஞ்சம் கொஞ்சமா ஏறுறதுதான். ட்ரக்கி ஊர் டானர் சம்மிட்டுக்குக் கிழக்கே இருக்கு. அதனால ஐ-80-ல் போனாலும் அந்த பயங்கரமான உச்சியை நீங்க தொடவே மாட்டீங்க.

வரைபடம் ரீனோவிலிருந்து வடகரைக்கு மவுண்ட் ரோஸ் சாலையைத்தான் குறுக்கு வழின்னு காட்டும். வெயில் நாளில் தாராளமாப் போங்க, அருமையான காட்சி. பனி நாளில் எட்டு நிமிஷம் மிச்சம் பிடிக்கிறதுக்காக 8,911 அடி ஏறி, கொண்டை ஊசி வளைவுல இறங்குறது எதுக்கு? ஆறு போற வழியிலும் பனி விழும், செயின் கட்டுப்பாடு வரும், சில நாள் மூடவும் செய்வாங்க. ஆனா மலை உச்சியில் நிக்கிற நிலைமை வராது.

இதிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்குது. குளிர்காலத்துல முதல் தடவை போறவங்க தங்குற இடத்தை வடகரையில் பாருங்க. தென்கரைக்கு இந்தச் சலுகை கிடையாது, எப்படிப் போனாலும் ஒரு உச்சி உண்டு. ஸ்பூனர் சாலை அகலமானது, நாலு தடம், இருக்கிறதுல பரவாயில்லை. மேற்குக் கரையில் 89-ல் எமரால்ட் பே வழியா வடக்கிலிருந்து தெற்கே போயிடலாம்னு நினைக்காதீங்க. பனிச்சரிவு அபாயம் வந்தா அந்தத் துண்டை மூடிடுவாங்க. கிழக்குக் கரையைச் சுத்தித்தான் போகணும்.

செயின், டயர், வாடகை கார்

மலைப்பாதையில் ஆர்-1, ஆர்-2, ஆர்-3 என்று பலகை வைப்பாங்க. ஆர்-1ன்னா செயின் மாட்டணும், ஆனா பனி டயர் போட்ட சாதாரண கார்களை விட்டுடுவாங்க. ஆர்-2ன்னா நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, நாலிலும் பனி டயர் இருந்தா மட்டும் விலக்கு. ஆர்-3ன்னா யாராயிருந்தாலும் செயின். பெரும்பாலும் அந்த நிலைமைக்கு முன்னாடியே சாலையை மூடிடுவாங்க. விலக்கு உள்ள வண்டியிலும் செயினைக் கையில் வெச்சிருக்கணும்கிறது கலிஃபோர்னியா விதி.

இங்கதான் ஒரு சிக்கல். வாடகை கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் செயின் மாட்டவே கூடாதுன்னு போட்டிருக்கும். அதனால நாலு சக்கர இழுவை வண்டியாக் கேட்டு வாங்குங்க. 'எஸ்யூவி'ன்னு பதிவு பண்ணிட்டா அது தானா வந்துடும்னு இல்லை. போன பிப்ரவரியில் ஒரு நிறுவனம் (பேர் வேண்டாம்) எங்களுக்குக் கொடுத்த பிரம்மாண்டமான எஸ்யூவியில் முன்சக்கரம் மட்டும்தான் இழுத்துச்சு. கவுண்டரில் இருபது நிமிஷம் மன்றாடி மாத்தினோம். சாவியை வாங்கும் முன்னாடி டயரோட பக்கவாட்டில் 'எம்', 'எஸ்' ரெண்டு எழுத்தும் இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. அந்த மாதிரி வண்டி ரீனோவில் கிடைக்கிற வாய்ப்பு அதிகம், அங்க எல்லாருக்கும் பனி அன்றாட விஷயம். 25 வயசுக்குக் கீழே இருக்கிற ஓட்டுநருக்குத் தனிக் கட்டணம் உண்டு. கூட்டத்துல 'பெரிசு' யாராவது இருந்தா அவங்க பேர்ல எடுங்க.

காசுக் கணக்கு

விலையைப் பத்திப் பேசாம விட்டா நம்ம மக்கள் சும்மா விடமாட்டீங்க. சூத்திரம் சுலபம். டிக்கெட் வித்தியாசம் தலைக்குத் தலை பெருகும். காரும் பெட்ரோலும் வண்டிக்கு ஒண்ணுதான்.

தென்கரைக்குப் போக ரீனோவைவிட சாக்ரமெண்டோ போக வர 110 மைல் கூடுதல். காலனுக்கு 28 மைல் ஓடுற வண்டின்னா நாலு காலன், ஆக இருபது டாலர் பக்கம். நேரம் போக வர ரெண்டு மணி. உதாரணத்துக்கு சாக்ரமெண்டோ டிக்கெட் தலைக்கு 50 டாலர் குறைவுன்னு வெச்சுக்கோங்க. அஞ்சு பேர் போனா 250 டாலர் மிச்சம், 20 டாலர் செலவு. ஜூலை மாசம்னா கண்ணை மூடிக்கிட்டு சாக்ரமெண்டோ. தனியா ஒருத்தர் போனா மிச்சம் முப்பது டாலர், அதுக்கு ரெண்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்கணும். உங்க இஷ்டம்.

ஜனவரியில் இதே கணக்கில் இன்னொரு வரியைச் சேர்க்கணும். சாலையை மூடினா ஒரு ராத்திரி ஹோட்டல் எவ்வளவு, தவறவிட்ட விமானத்துக்கு மறு டிக்கெட் எவ்வளவு? அந்த வரியைச் சேர்த்தா 50 டாலர் மிச்சம் ஒரே நிமிஷத்துல கரைஞ்சுடும்.

திரும்புற நாளை வெச்சு முடிவு பண்ணுங்க

போறதுக்கு எந்த நிலையம் வசதின்னுதான் எல்லாரும் பாக்கறாங்க. போகும்போது தாமதமானா விடுமுறையில் ஒரு அரை நாள் போகும், அவ்வளவுதான். திரும்பும்போது தாமதமானா விமானம் போயிடும், திங்கக்கிழமை காலை தேர்வு போயிடும், பேராசிரியர் முகம் போற போக்கே வேற. அதனால நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மனசுக்குள்ள திரும்பிவர்ற பயணத்தை ஓட்டிப் பாருங்க. காலை விமானம்னா முந்தின ராத்திரியே மலையை விட்டு இறங்கிடணும். ரீனோவில் ஒரு ராத்திரி தங்குறது பெரிய செலவில்லை.

வெயில் காலத்திலும் இது பொருந்தும், அங்க பனிக்குப் பதில் தீ. 2021 ஆகஸ்டில் கால்டோர் காட்டுத்தீ மேற்கிலிருந்து எக்கோ சம்மிட்டைத் தாண்டி டாஹோ பள்ளத்துக்குள் வந்தது. ஆகஸ்ட் 30-ஆம் தேதி சவுத் லேக் டாஹோவின் சுமார் 22,000 பேரையும் வெளியேறச் சொன்னாங்க. மேற்கே போற யு.எஸ். 50 மூடியாச்சு. எல்லாரும் கிழக்கே நெவாடா பக்கம் ஒரே சாலையில் ஊர்ந்தாங்க. சாக்ரமெண்டோவில் திரும்பும் டிக்கெட் வெச்சிருந்தவங்க மலையைச் சுத்தி வந்துதான் பிடிச்சிருக்கணும். ஆகஸ்ட், செப்டம்பரில் போறவங்க முன்னாடி சொன்ன சாக்ரமெண்டோ யோசனையோட மாற்றக்கூடிய டிக்கெட்டையும் சேர்த்துக்கோங்க.

எங்க வீட்டு முடிவு

இந்த ஆராய்ச்சியெல்லாம் சும்மா பொழுதுபோகாம பண்ணலை. டிசம்பர் கடைசியில் அப்பாவும் அம்மாவும் முதல்முறையா வர்றாங்க. அம்மா பனியைச் சினிமாவில் மட்டும்தான் பாத்திருக்காங்க. அப்பாவுக்கு அறுபத்து நாலு வயசு, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடறவர். சமவெளி டெக்சாஸிலிருந்து நேரா 6,225 அடிக்குப் போறோம். அங்க ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டாக்டர்கிட்ட கேட்டாச்சு, போகலாம், முதல் நாள் ஓய்வா இருங்க, தண்ணி நிறையக் குடிங்கன்னு சொல்லிட்டார்.

அறைத்தோழன் சான் பிரான்சிஸ்கோ போட்டா நாலு பேருக்கும் சேர்த்து முன்னூறு டாலர் மிச்சம்னான். உண்மைதான். ஆனா பின்சீட்டில் அவங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, நாலு மணி நேரம் ஓட்டி, இருட்டின பிறகு பனியில ஒரு கணவாயை நான் தாண்ட மாட்டேன். அந்த முன்னூறு டாலருக்கு நான் ரெண்டு மாசம் நூலகத்துல கூடுதல் ஷிப்ட் பார்த்துக்கறேன்.

ரீனோதான். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு முன்னாடி இறங்குற விமானம், ஏன்னா டிசம்பரில் அஞ்சு மணிக்குள்ள இருட்டிடும், உருகின பனி திரும்ப உறைஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிடும். ஆறு போற வழியில டாஹோ சிட்டி. மூணு ராத்திரி. வெள்ளிக்கிழமை மதியமே இறங்கி ரீனோவில் ஒரு ராத்திரி, சனிக்கிழமை காலை விமானம். வார இறுதிக் கூட்டம் மேல ஏறும்போது நாங்க கீழ இறங்கிட்டிருப்போம்.

நினைவில் வெச்சுக்க நாலே வரி:

மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை, கூட்டமாப் போனா சாக்ரமெண்டோ.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, யார் போனாலும் ரீனோ, தங்குறது வடகரை.

நகரமும் பாக்கணும்னா சான் பிரான்சிஸ்கோ, ஆனா மலைக்கு வார நடுவில், பகலில்.

எதுவானாலும் கிளம்புற அன்னிக்குக் காலையில் கால்ட்ரான்ஸ் தளத்தில் சாலை நிலவரம் பாக்காம சாவியைத் திருப்பாதீங்க.

டிஸ்கி: மைல் கணக்கெல்லாம் விமான நிலையத்திலிருந்து கார் ஓடுற தூரம், ரெண்டு மூணு மைல் முன்னப்பின்ன இருக்கும். வேற மலை ஏரிக்குப் போனவங்க, அங்க எந்த நிலையம், நடுவில் எந்தக் கணவாய்னு பின்னூட்டத்தில் எழுதுங்க. கும்மி அடிக்கிறவங்களும் வரலாம், ஆனா ஒரு கணவாய் பேராவது சொல்லிட்டு அடிக்கணும் :-)